மதில் கட்ட வேண்டுமா? கொழும்பில் சீமெந்தும் மணலும் வாங்குவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சீமெந்து பக்கெட் ஒன்றில் 20 ரூபா குறைப்பதற்காக நாலு ஹார்ட்வெயார் ஏறி இறங்குகிற ஆட்கள்தான் நாங்கள். அதே ஆட்கள் மணல் டிப்பர் வந்ததும் கேட்டைத் திறந்துவிட்டு, காசை எண்ணிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவோம். உண்மையில் கவனம் தலைகீழாக இருக்க வேண்டும். சீமெந்து கொம்பனியில் நிறுத்து, மூடி, திகதி குத்தி வருகிறது. அதில் ஏமாற்ற இடம் குறைவு. மணலுக்குப் பையும் இல்லை, முத்திரையும் இல்லை. அளவு, தரம், ஈரம், உப்பு, சேறு எல்லாவற்றையும் வாங்குகிறவர்தான் பார்க்க வேண்டும். ஆகவே இந்த வழிகாட்டியில் மணலுக்குத்தான் அதிக இடம்.

உதாரணத்துக்கு ஒரு மதிலை எடுத்துக்கொள்வோம். நீளம் 40 அடி, உயரம் 6 அடி, 6 அங்குலச் சீமெந்துக் கல், இரண்டு பக்கமும் பூச்சு. வெள்ளவத்தையிலோ வத்தளையிலோ ஒரு சாதாரண வளவின் ஒரு பக்கத்துக்கு இது சரியாக வரும். உங்கள் மதில் பாதியென்றால் கணக்கையும் பாதியாக்குங்கள்.

படி 1: சபையும் அயலும்

எல்லை மதிலுக்கும் அனுமதி தேவை. கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் என்றால் அங்கே, தெஹிவளை–கல்கிசை, வத்தளை போன்ற இடங்களில் அந்தந்த உள்ளூராட்சி சபையில் கேட்க வேண்டும். வீதிப் பக்க மதில் என்றால் வீதிக் கோடு, அதாவது வீதிக்கென ஒதுக்கிய எல்லை, எங்கே போகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கட்டி முடிந்த பிறகு இடிக்கச் சொன்னால் சீமெந்தின் தரம் பற்றிப் பேசிப் பலனில்லை. பக்கத்து வளவுக்காரருடன் பொது எல்லை என்றால் நில அளவைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலே பேசிவிடுங்கள். அவ்வளவுதான், அடுத்ததற்குப் போவோம்.

படி 2: கணக்கை நீங்களே போடுங்கள்

மேசன் பாஸிடம் “எவ்வளவு வேணும்?” என்று கேட்டால் “முதல்ல ரெண்டு கியூப் மணல், முப்பது பக்கெட் சீமெந்து எடுங்க, பிறகு பாப்பம்” என்பார். அவரைக் குறை சொல்லவில்லை. சாமான் பாதியில் முடிந்து வேலை நின்றால் அவருடைய நாட்கூலி போகும், அதனால் கூட்டித்தான் சொல்வார். ஆனால் மிஞ்சுகிற சீமெந்து கட்டியாகிப் போவது உங்கள் காசு.

மூன்று எண்களை மனதில் வைத்திருங்கள். மணல் விற்கிற ஒரு கியூப் என்றால் 100 கன அடி. 50 கிலோ சீமெந்து பக்கெட் ஒன்று ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி, அதாவது 35 லீற்றர் அளவு. ஒரு கன அடி 28 லீற்றருக்குச் சற்று மேல். மிச்சமெல்லாம் இவற்றிலிருந்து வரும். ஒன்றுக்கு ஐந்து கலவை (சீமெந்து ஒரு பங்கு, மணல் ஐந்து பங்கு) என்றால் ஒரு பக்கெட்டுக்கு ஏறக்குறைய 6 கன அடி மணல் போகும். அதாவது ஒரு கியூப் மணலைத் தீர்க்க 16 பக்கெட் வேண்டும். யாராவது “ஒரு கியூப்புக்கு எட்டு பக்கெட் போதும்” என்றால் அது ஒன்றுக்குப் பத்துக் கலவை. மதிலை நகத்தால் சுரண்டலாம்.

இப்போது நம் 40 அடி மதில்:

- கல் கட்டு: 240 சதுர அடி. 16க்கு 8 அங்குல முகம் கொண்ட கல் ஏறக்குறைய 270 போகும். உடைவுக்குச் சேர்த்து 285 எடுங்கள். சாந்துக்குச் சீமெந்து 3 பக்கெட், மணல் 12 முதல் 15 கன அடி.
- பூச்சு: இரண்டு பக்கமும் 480 சதுர அடி, கனம் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. சீமெந்து 5 பக்கெட், மணல் 31 கன அடி.
- கருங்கல் அத்திவாரம்: அகலம் ஒன்றரை அடி, ஆழம் 2 அடி. சீமெந்து 7 பக்கெட், மணல் 44 கன அடி. அதன் கீழே 3 அங்குலக் கொங்கிறீற் போட்டால் இன்னும் இரண்டரை பக்கெட்டும் 9 கன அடி மணலும்.
- ஐந்து தூணும் மேலே ஒரு பீமும், ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு (சீமெந்து, மணல், சல்லி) கலவையில்: சீமெந்து 6 பக்கெட், மணல் 14 கன அடி, முக்கால் அங்குலச் சல்லி (உடைத்த கருங்கல்) 28 கன அடி.

கூட்டினால் சீமெந்து 24 பக்கெட், மணல் 110 கன அடியைச் சுற்றி. அரித்துக் கழிவது, சிந்துவது, மழையில் போவது என்று 20 சதவீதம் சேர்த்தால் ஒன்றேகால் கியூப்பைத் தாண்டும். ஒன்றரை கியூப் வாங்கினால் போதும். சல்லி அரைக் கியூப். அத்திவாரம் ஏற்கெனவே இருந்தால் மணல் பாதிக்குக் குறையும் என்பதைக் கவனியுங்கள். மதிலில் மணலை விழுங்குவது கல் கட்டு அல்ல, அத்திவாரமும் பூச்சும்தான்.

படி 3: எந்த மணல்?

கொழும்பில் இன்று மூன்று வகை கிடைக்கிறது: ஆற்று மணல், கழுவிய கடல் மணல், கருங்கல்லை அரைத்து எடுக்கிற மணல்.

ஆற்று மணலுக்குத்தான் பாஸ்மார் முதல் ஓட்டுப் போடுவார்கள். மகாவலி மணல், குறிப்பாக மன்னம்பிட்டிப் பக்கம் இருந்து வருவது, கரடுமுரடாகவும் சேறு குறைவாகவும் இருக்கும். தூணுக்கும் பீமுக்கும் நன்று. ஆனால் 200 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து வருவதால் விலையில் லொறிக்கூலிதான் பெரும் பங்கு. மஹா ஓயா, தெதுறு ஓயா, களனி மணலும் வருகிறது. களனியில் ஒரு காலத்தில் கண்டபடி மணல் அள்ளியதில் ஆற்றின் அடி தாழ்ந்து, வறட்சிக் காலத்தில் கடல் நீர் மேலேறி, கொழும்புக்குக் குடிநீர் எடுக்கிற அம்பத்தளை வரை உப்புப் பிரச்சினை வந்தது. ஆற்று மணல் விலை கூடியதற்கும், அனுமதிப்பத்திரம் இவ்வளவு கேட்கப்படுவதற்கும் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

கடல் மணல் என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். கரையில் அள்ளிய மணலை நினைத்தால் அது சரி. கரை மணல் மென்மை கூடியது, உப்பு நிறைந்தது, அனுமதியில்லாமல் அள்ளுவது சட்டப்படி குற்றம். ஆனால் கடைகளில் “கடல் மணல்” என்று விற்பது அதுவல்ல. கரைக்கு அப்பால் கடலடியில் தோண்டி, முத்துராஜவெல, கெரவலப்பிட்டிப் பக்கம் குவித்து, உப்புப் போகக் கழுவியது. இலங்கைக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் இதை விற்கிறது. சேறு மிகக் குறைவு, விலையும் பொதுவாக ஆற்று மணலை விடக் குறைவு. கல் கட்டுக்கும் பூச்சுக்கும் தாராளமாகப் பாவிக்கலாம். பயப்பட வேண்டியது கழுவாததைக் “கழுவினது” என்று தள்ளிவிடுகிற வியாபாரிக்குத்தான். கம்பி உள்ள தூண், பீம் போன்றவற்றுக்கு உப்பின் அளவு பற்றிய சோதனைச் சான்று காட்டினால் மட்டும் எடுங்கள். இல்லாவிட்டால் அதற்கு மட்டும் ஆற்று மணல். உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு வீங்கித் தூணைப் பிளக்கும். கடற்கரையோரம் உள்ள வெள்ளவத்தை, தெஹிவளை வீடுகளில் காற்றே உப்பு. உள்ளேயும் உப்பை வைத்துக் கட்ட வேண்டாம்.

அரைத்த மணலை, கழுவிச் சலித்ததா, சும்மா கல்லுத்தூளா என்று கேட்டு வாங்குங்கள். தூள் கூடியது தண்ணீரை நிறையக் குடிக்கும். பூச்சு காயும்போது மயிர்க்கோடு போல வெடிக்கும். கொங்கிறீற்றுக்கு நல்ல அரைத்த மணல் குறையில்லை. பூச்சுக்கு எங்கள் பாஸ்மார் இன்னும் விரும்புவதில்லை, கரண்டியில் இழுபடாது என்பார்கள்.

என் தெரிவைக் கேட்டால்: கம்பி உள்ள வேலைக்கு ஆற்று மணல் அரைக் கியூப், மற்றதற்குக் கழுவிய கடல் மணல் ஒரு கியூப். இரண்டு சிறிய லொறியாக வரும், கூலி கொஞ்சம் கூடும். ஆனால் குறுகிய ஒழுங்கைக்கு எப்படியும் சிறிய லொறிதான் வர முடியும்.

படி 4: சொல்லி வைக்கும் முன் ஒரு பை கேளுங்கள்

மணல் சொல்லி வைப்பதற்கு முதல் நாள் அந்த யார்டுக்குப் போய், குவியலின் மேலிருந்து இல்லாமல் பக்கவாட்டில் கையைத் திணித்து, உள்ளிருந்து ஒரு ஷொப்பிங் பை நிறைய எடுத்து வாருங்கள். மேலே கிடப்பது மழையில் கழுவுண்டு அழகாக இருக்கும். வீட்டில் நாலு சோதனை:

முதலாவது உள்ளங்கை. ஈர மணலை இறுக்கிப் பிடித்து, விட்டு, கையைத் தட்டுங்கள். கையில் அப்பிய மண் நிறம் தட்டியும் போகாவிட்டால் சேறு அதிகம்.

இரண்டாவது போத்தல். நேரான கண்ணாடி ஜேம் போத்தலில் பாதிக்கு மணல், முக்கால்வாசிக்குத் தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. நன்றாகக் குலுக்கி அசையாத மேசையில் மூன்று மணித்தியாலம் விடுங்கள். உப்பு போடுவது சேறு சீக்கிரம் படிவதற்காக. மணல் அடியில் இறங்கி, அதற்கு மேல் மென்மையான சேற்றுப் படை ஒன்று தனியாகத் தெரியும். அடிமட்டத்தால் இரண்டையும் அளவுங்கள். மணல் 50 மில்லிமீற்றர் என்றால் சேறு 4 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. அதாவது 8 சதவீதம். அதற்கு மேல் என்றால் அந்த யார்டை விடுங்கள். தண்ணீர் பல மணித்தியாலம் கழித்தும் தெளியாமல் தேநீர் நிறத்தில் நின்றால் களியோ அழுகிய இலைதழையோ கலந்திருக்கிறது.

மூன்றாவது நாக்கு. கடல் மணல் என்றால் ஒரு சிட்டிகையை நாக்கு நுனியில் வையுங்கள். உப்புக் கரித்தால் வேண்டாம். கரிக்காததால் மட்டும் கம்பி வேலைக்கு உகந்தது என்று ஆகிவிடாது. அதற்குச் சோதனைச் சான்றுதான்.

நாலாவது கண். சிப்பி ஓடு, வேர், கரித்துண்டு, பெரிய கல் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். கொஞ்சம் இருந்தால் அரிதட்டு பார்த்துக்கொள்ளும். நிறைய இருந்தால் நீங்கள் காசு கொடுத்துக் கழிவு வாங்குகிறீர்கள்.

மிச்ச மணலை அந்தப் பையிலேயே முடிந்து வைத்திருங்கள். லொறி வரும்போது ஒப்பிட அதுதான் சாட்சி.

படி 5: பேரம், பத்திரம், லொறி

தொலைபேசியில் விலை கேட்கும்போது “கியூப் எவ்வளவு?” என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டு வாசல் வரை எவ்வளவு, லொறியின் உள்ளளவு என்ன, மணல் எந்த ஆறு, வாசலில் நான் அளந்து அந்த அளவுக்குத்தான் காசு தருவேன், சம்மதமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு “எங்கட லோட் எப்பவும் சரியா இருக்கும்” என்று சுற்றி வளைத்தால் வேறு ஆளைப் பாருங்கள். சம்மதித்தவர்களிடம் விலை கொஞ்சம் கூட இருந்தாலும் கடைசியில் அதுதான் மலிவு.

மணலை எடுத்துச் செல்லப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் லொறியில் இருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் வருவது இது. பத்திரத்தைக் காட்டச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லொறி இலக்கமும் மணலின் அளவும் அதில் இருக்கும். அளவை நீங்கள் அளப்பதோடு ஒப்பிடலாம்.

இனி வாசலில் நடக்கிற வேலை. இதை அவசரப்படாமல் செய்யுங்கள்.

லொறி வந்ததும் கொட்ட விடாதீர்கள். கொட்டிய பிறகு குவியலை யாராலும் சரியாக அளக்க முடியாது. சாரதியிடம் மரியாதையாக, “அண்ணே, ஒரு நிமிஷம், அளந்திட்டுக் கொட்டுவம்” என்று சொல்லிவிட்டு ஏறுங்கள், அல்லது பாஸை ஏற்றுங்கள். சிங்களச் சாரதி என்றால் “மல்லி, பொட்டக் இன்ன” என்றால் போதும், சிரித்துக்கொண்டே நிறுத்துவார். பெட்டியின் உள்நீளம், உள்ளகலம் இரண்டையும் டேப்பால் எடுங்கள். வெளியளவு வேண்டாம்; பலகையும் சட்டமும் சேர்ந்தே சில அங்குலம் தின்னும். பிறகு ஆழம். மூன்று அல்லது நாலு அடிக் கம்பி ஒன்றைச் செங்குத்தாகக் குத்தி, அடித்தகட்டில் இடிக்கும் வரை இறக்கி, மணல் மட்டத்தில் விரலால் பிடித்து வெளியே எடுத்து அளவுங்கள். நடுவில் மட்டும் குத்தினால் ஏமாறுவீர்கள். மணலை நடுவில் மலைபோல் குவித்து மூலைகளில் பள்ளமாக விடுவது மிகப் பழைய வித்தை. நாலு மூலை, நாலு பக்க நடு, மையம் என ஒன்பது இடத்தில் குத்தி சராசரி எடுங்கள்.

பெட்டி உள்ளே 10 அடி நீளம், 6 அடி அகலம், சராசரி ஆழம் இரண்டரை அடி என்று வைத்துக்கொள்வோம். 10 × 6 × 2.5 = 150 கன அடி, ஒன்றரை கியூப். இதையே “ரெண்டு கியூப்” என்று சொல்லி இறக்கிவிட்டுப் போவார்கள். உண்மையில் இரண்டு கியூப் என்றால் அதே பெட்டியில் ஆழம் 3 அடி 4 அங்குலம் இருக்க வேண்டும். 10 அங்குலம் குறைவதைக் கீழே நின்று பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது.

“ஏத்தும்போது நிறைய இருந்தது, வர வர அமுங்கிப் போச்சு” என்பது வழக்கமான பதில். அதில் உண்மையும் உண்டு. தூரப் பயணத்தில் மணல் அமுங்கும், தண்ணீர் வடியும். அதனால்தான் வாசல் அளவு என்று முதலே பேசச் சொன்னேன். முதலே பேசியிருந்தால் சண்டை வேண்டாம், கணக்குப் பார்த்து அதற்கான காசைக் கொடுங்கள்.

ஈரத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. இலேசாக ஈரமான மணல், காய்ந்த மணலை விடக் கூடுதல் இடம் பிடிக்கும். மணிகளைச் சுற்றியிருக்கும் நீர்ப்படலம் அவற்றைத் தள்ளி நிறுத்துவதால் 20, 25 சதவீதம் வரை உப்பிப் பெருகும். நீங்கள் நூறு கன அடி என்று வாங்கியது காய்ந்தால் எண்பதுதான். சோதிக்க ஒரு வாளி போதும். 10 அங்குல உயரத்துக்கு ஈர மணலை இறுக்காமல் நிரப்பி மட்டப்படுத்துங்கள். அதை ஒரு படங்கில் கொட்டி, வாளியில் பாதித் தண்ணீர் விட்டு, மணலைத் திரும்பப் போட்டுக் கிளறுங்கள். முழுக்க நனைந்த மணல் அமுங்கி உண்மை அளவுக்கு வரும். மட்டம் 8 அங்குலத்துக்கு இறங்கினால் மணல் 25 சதவீதம் உப்பியிருக்கிறது; கொடுக்கிற காசில் ஐந்தில் ஒரு பங்கு காற்றுக்கு. வியாபாரி இதற்குக் கழிவு தரமாட்டார். பேரத்தில் பயன்படும், கலவை அளக்கும்போதும் பயன்படும்.

கொட்டுகிற இடத்தையும் முதலே தீர்மானியுங்கள். டிப்பர் பெட்டி நிமிரும்போது மேலே மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் இது ஒரு நிஜமான ஆபத்து. அந்த இடங்களில் சிறிய லொறியில் அரைக் கியூப்பாக எடுப்பது மேல். வடிகானை மூடிக் கொட்டாதீர்கள்; ஒரு மழைக்கு மணல் கானுக்குள் போகும், தண்ணீர் தேங்கும், நுளம்பு வரும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வருவார். கீழே பழைய படங்கு, மேலே பொலித்தீன், சுற்றிவர கல் வரிசை ஒன்று. காலை, பின்னேர நெரிசல் நேரங்களில் நகருக்குள் பெரிய டிப்பர் ஓடக் கட்டுப்பாடு இருப்பதால், சாரதிகள் இரவில் கொண்டுவருகிறேன் என்பார்கள். இருட்டில் அளக்கவும் முடியாது, நிறமும் தெரியாது. மறுத்துவிடுங்கள்.

ஓரிரு பக்கெட் வேலைக்கு மட்டும் மணல் வேண்டுமென்றால் ஹார்ட்வெயார்களில் உரப்பையில் கட்டி விற்பார்கள். கியூப் விலையோடு ஒப்பிட்டால் கொள்ளை விலைதான். ஆனால் அரைக் கியூப்பை இறக்க இடமில்லாத அடுக்குமாடி வீட்டுக்காரருக்கு வேறு வழியில்லை. பையின் அளவைக் கேளுங்கள். எல்லாப் பையும் ஒரே அளவில் இருக்காது.

படி 6: எந்தச் சீமெந்து?

கடைகளில் அதிகம் கிடைப்பவை டோக்கியோ, இன்சி, அல்ட்ராடெக் போன்றவை. டோக்கியோ சீமெந்து 1982இல் தொடங்கிய கொம்பனி, தொழிற்சாலை திருகோணமலையில். ஹொல்சிம் என்று நாங்கள் முன்பு அழைத்ததுதான் இன்று இன்சி. எந்தப் பெயர் என்று சண்டை பிடிப்பதை விட, பையின் முகத்தில் எழுதியிருக்கும் வகையைப் படியுங்கள். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்எல்எஸ் இலக்கம் அதில் இருக்கும்.

எஸ்எல்எஸ் 107 சாதாரண போர்ட்லண்ட் சீமெந்து. தூண், பீம் வேலைக்கு உகந்தது, வேகமாக வலுப்பெறும். எஸ்எல்எஸ் 1247 கலப்புச் சீமெந்து. அனல்மின் நிலையங்களில் மிஞ்சும் எரிசாம்பலும் இவ்வகைச் சீமெந்துகளில் சேர்கிறது. எங்களுக்கு அது நுரைச்சோலையிலிருந்தே கிடைக்கிறது. இந்தக் கலப்பு வகை முதல் நாட்களில் கொஞ்சம் மந்தம், ஆனால் உப்புக் காற்றை நன்றாகத் தாங்கும், இறுக்கமாக வரும். ஆகவே கடலோரக் கொழும்புக்குக் கலப்புச் சீமெந்தில் குறைவில்லை; ஒரே நிபந்தனை, கட்டிய பிறகு தண்ணீர் விட்டு நனைப்பதை ஒரு கிழமையில் நிறுத்தாமல் பத்து நாளாவது தொடர வேண்டும். எஸ்எல்எஸ் 515 கட்டுச் சாந்துக்கும் பூச்சுக்கும் என்றே வருவது. கரண்டியில் வழுக்கி வரும், விலை குறைவு. இதைத் தூணுக்குப் போட வேண்டாம். கம்பி உள்ள எதற்கும் வேண்டாம். பாஸ் கைக்கு எட்டிய பையைத்தான் எடுப்பார். இரண்டு வகை வாங்கினால் வெவ்வேறு மூலையில் அடுக்குங்கள்.

படி 7: எங்கே, எப்போது, எப்படி வாங்குவது

பழைய சோனகத் தெருவிலும் ஆமர் வீதிப் பக்கமும் மொத்தக் கடைகளில் விலை குறையும். ஆனால் 24 பக்கெட்டுக்காக அங்கே லொறி பிடித்தால் கூலி அந்த இலாபத்தை விழுங்கிவிடும். 50 பக்கெட்டுக்குக் கீழே என்றால் உங்கள் சந்தியிலுள்ள ஹார்ட்வெயார்தான் சரி. அங்கே இன்னொரு நன்மை, இரண்டு தவணையாக எடுக்கலாம். அத்திவாரத்துக்கும் தூணுக்கும் ஒரு தவணை, பூச்சுக்கு இன்னொன்று. மொத்தமாக விலை பேசிவிட்டு, பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைக்காரர் ஒப்புவார்.

விலை ஏறப் போகிறது என்று பயந்து முன்கூட்டியே குவிக்கிற பழக்கம் 2022க்குப் பிறகு பலருக்கு வந்துவிட்டது. ஒரு வருடம் முன்னே ஆயிரம் ரூபாவைச் சுற்றி இருந்த பக்கெட் அந்த வருடம் 3000 ரூபாவைத் தாண்டியதைக் கண்டவர்கள் பயப்படுவது நியாயம்தான். ஆனாலும் எங்கள் ஈரக் காற்றில் மூன்று மாதம் கிடந்த சீமெந்து தன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கலாம். விலை ஏற்றத்தில் மிச்சம் பிடித்ததை அங்கே விட்டுவிடுவீர்கள்.

ஆகவே திகதி. பையில் குத்தியிருக்கும் பொதியிட்ட திகதியைப் பாருங்கள். ஒரு மாதத்துக்குள் என்றால் திருப்தி, இரண்டு மாதம் தாண்டினால் வேண்டாம். அடுக்கின் முன்வரிசையில் இருப்பது பழசு, பின்னால் இருப்பது புதுசு என்று கடைக்காரருக்குத் தெரியும். “நானா, இந்தக் கிழமை வந்த லோட்ல இருந்து தாங்க” என்று கேட்டால் பாதிப்பேர் தருவார்கள். அப்புறம் பையின் நாலு மூலையையும் அழுத்திப் பாருங்கள். அடுக்கின் பாரத்தில் இறுகிய பை ஒருமுறை உருட்டினால் இளகிவிடும், அது பரவாயில்லை. உருட்டியும் கல்லாக இருந்தால் தண்ணீர் பட்டது. வீட்டில் ஒரு பையைத் திறந்ததும் கையை உள்ளே விடுங்கள். நல்ல சீமெந்து குளிர்ச்சியாக இருக்கும், விரலிடையில் மாப்போல வழுக்கும். வாய்ப்பக்கம் கையால் தைத்த தையல் தெரிந்தால் அந்தப் பையைத் திருப்பி அனுப்புங்கள். நிறையில் சந்தேகம் என்றால் வீட்டிலுள்ள ஆள் நிறுக்கிற தராசில் பையோடு ஒருமுறை, பையில்லாமல் ஒருமுறை ஏறினால் போதும்.

விலை கேட்கும்போது இறக்குகூலி சேர்த்தா, வற் வரி சேர்த்தா என்று கேளுங்கள். வற் 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. “பில் வேணாம்னா குறைச்சுத் தாறன்” என்பவரிடம் வாங்கினால் பின்னால் கேள்வி கேட்க ஒரு கடதாசியும் இருக்காது. பில்லில் சீமெந்தின் வகையும் திகதியும் எழுதச் சொல்லுங்கள். திறக்காத பையைத் திருப்பி எடுப்பாரா என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால் நல்லது. தகராறு வந்தால் நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். அங்கேயும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

வந்த பைகளை நிலத்தில் போடாதீர்கள். பலகையோ பழைய பலெட்டோ போட்டு, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, பத்துக்கு மேல் உயராமல் அடுக்கி, பொலித்தீனால் மூடுங்கள். மே முதல் செப்ரெம்பர் வரையும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் இது கட்டாயம். கொழும்பில் மதில் வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் நிம்மதி.

படி 8: கலக்கும் இடத்தில் நில்லுங்கள்

இவ்வளவு பார்த்து வாங்கியதையும் அளவில்லாத கலவை கெடுத்துவிடும். பாஸ் மண்வெட்டிக் கணக்கில் போடுவார். காலையில் நிறைந்த மண்வெட்டி பின்னேரம் அரை மண்வெட்டி ஆகும். 20 லீற்றர் பெயின்ற் வாளி ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். ஒன்றுக்கு ஐந்து கலவையில், ஒரு பக்கெட் சீமெந்துக்குக் காய்ந்த மணல் 9 வாளி. மேலே சொன்ன வாளிச் சோதனையில் மணல் 20 சதவீதத்துக்கு மேல் உப்பியிருந்தால் 10, 11 வாளி. பூச்சு மணலை அன்றன்று தேவைக்கு அரித்துக்கொள்ளுங்கள். அரிதட்டில் மிஞ்சும் கூழாங்கல்லை எறியாமல் அத்திவாரக் குழியில் போடலாம். தண்ணீர் ஊற்றிய சாந்தை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். தேநீர் இடைவேளைக்குப் பிறகு இறுகிப்போன சாந்துக்குத் தண்ணீர் ஊற்றி மறுபடி கிளறினால் அந்த இடம்தான் பின்னால் உரியும். நேரே சொன்னால் பாஸுக்குக் கோபம் வரும். இடைவேளைக்கு முன் சின்னக் கலவையாகப் போடச் சொல்லிவிட்டால் பேச்சே வராது.

வேலை முடிந்தும் மூன்று நாலு பக்கெட் திறக்காமல் மிஞ்சினால் அந்தக் கிழமையே பில்லோடு கடைக்குக் கொண்டுபோங்கள். மாதம் போனால் எடுக்கமாட்டார்கள். மிஞ்சிய மணலை அயலில் யாராவது வேலை செய்கிறவர் சந்தோஷமாக எடுத்துப்போவார். திறந்து பாதி போன சீமெந்துப் பையை மட்டும் வைத்திருக்காதீர்கள், வாசற்படி ஓரத்தையோ வடிகான் விளிம்பையோ அன்றே பூசி முடித்துவிடுங்கள்.